வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: ஐயஸ்டேயில் இடம் எப்படி அமைகிறது, அதை எப்படிப் பிடிப்பது

எம்.இ., எம்.டெக்., எம்.எஸ்சி., பிஎச்.டி. படிக்கிறவர்களில் வெளிநாட்டுக் கம்பெனியில் பயிற்சி தேடுபவர்கள் முதலில் செய்வது, கண்ணில் படும் கம்பெனி முகவரிக்கெல்லாம் ரெஸ்யூமே அனுப்புவது. பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் விசாவில் வந்து நிற்கும். பத்து வாரப் பயிற்சிக்காக ஒரு வெளிநாட்டு மாணவருக்கு அனுமதி வாங்கித் தரும் வேலை எப்படிப்பட்டது என்று அந்தக் கம்பெனியின் மனிதவளத் துறைக்கே தெரிந்திருக்காது. அந்தத் தலைவலியை ஏற்கத்தான் பரிமாற்ற அமைப்புகள் இருக்கின்றன. பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு அவற்றில் பழையது ஐ.ஏ.இ.எஸ்.டி.இ., வழக்கில் ஐயஸ்டே. 1948 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாடுகள் கூடித் தொடங்கியது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. ஜெர்மனியில் இதன் தேசியக் கிளையை டாட் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை நடத்துகிறது. இந்தியாவில் மணிப்பாலை மையமாகக் கொண்டு இயங்குகிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கமிட்டி உண்டு.

முதலில் இடம், பிறகுதான் ஆள்

பலர் இதை ஒரு வேலைவாய்ப்புத் தளம் போல நினைத்துக்கொள்கிறார்கள்: விண்ணப்பிப்போம், கம்பெனி நம்மைத் தேர்ந்தெடுக்கும் என்று. நடப்பது வேறு. இங்கே முதலில் கைமாறுவது மாணவர் அல்ல, இடம்.

ஒவ்வொரு நாட்டுக் கமிட்டியும் தன் ஊர்க் கம்பெனிகளிடமும் ஆய்வுக்கூடங்களிடமும் பேசி, வெளிநாட்டு மாணவருக்கான பயிற்சி இடங்களைத் திரட்டும். ஜனவரியில் நடக்கும் ஆண்டு மாநாட்டில் நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து, ‘எங்கள் ஓர் இடத்துக்கு உங்கள் ஓர் இடம்’ என்று ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வார்கள். இந்தியா ஆஸ்திரியாவுக்கு மூன்று இடம் கொடுத்தால் ஆஸ்திரியாவிடமிருந்து மூன்று இடம் வரும். அப்படி வந்த இடங்கள் உள்ளூர்க் கமிட்டிகளுக்குப் பிரியும். அதன் பிறகுதான் எந்த மாணவரை எந்த இடத்துக்கு முன்மொழிவது என்ற கேள்வியே எழும். இந்த முன்மொழிவைத்தான் நாமினேஷன் என்கிறார்கள். கடைசிச் சொல் கம்பெனியுடையது. அனுப்பிய மாணவர் பொருந்தவில்லை என்றால் மறுக்க அதற்கு உரிமை உண்டு.

இந்த வரிசையிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன. கமிட்டி கொடுத்த இடங்கள் எத்தனையோ, திரும்பி வரும் இடங்களும் அத்தனைதான். ஓர் இடத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். ஆகவே உண்மையான போட்டி உங்கள் கமிட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். கம்பெனியின் மேசையில் பத்துப் பேரோடு மோத வேண்டியதில்லை. மூன்றாவதாக, பொருந்தாத ஒருவரை அனுப்பி அவர் மறுக்கப்பட்டால், அந்த இடத்துக்கு இன்னொருவரை அனுப்ப நேரம் இருக்காது. அதனால்தான் உள்ளூரில் சல்லடை அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

எந்த மாதம் எதற்கு

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இடம் திரட்டும் காலம். ஜனவரியில் மாநாடு. பிப்ரவரியில் வந்த இடங்களின் பட்டியல் மாணவர்களுக்குத் தெரியவரும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேர்வும் நாமினேஷனும். பல இடங்களுக்கு மார்ச் கடைசிவாக்கில் கெடு முடியும். ஏப்ரல், மே மாதங்களில் கம்பெனியின் ஏற்பும் விசாவும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பயிற்சி. பெரும்பாலான இடங்கள் 8 முதல் 12 வாரம். ஆறு மாதம், ஓராண்டு இடங்களும் உண்டு, பிஎச்.டி. மாணவர்களுக்கு அவை நன்றாகப் பொருந்தும்.

மார்ச் மாதம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அவர்களுக்கு மிஞ்சுவது, மாநாட்டில் கைமாறாமலோ நாமினேஷன் இல்லாமலோ தங்கிப்போன இடங்கள். ‘முந்தியவருக்கு முதலிடம்’ என்ற முறையில் அவற்றைத் திறந்துவிடுவார்கள். எல்லாக் காகிதமும் ஒரே பிடிஎஃப்பாகத் தயாராக இருப்பவருக்குத்தான் அது அமையும். இனிமேல்தான் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கப் போகிறேன் என்பவருக்கு அல்ல.

இரண்டாண்டு எம்.இ. படிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. முதலாண்டு முடிந்து, இரண்டாவது செமஸ்டருக்கும் மூன்றாவதுக்கும் இடையில் வரும் விடுமுறைதான் தோதான காலம். இறுதியாண்டில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் சிக்கல் வரும். மே, ஜூனில் படிப்பு முடிந்துவிடும். ஜூலையில் நீங்கள் மாணவர் அல்ல. பயிற்சி நடக்கும் நாளிலும் மாணவராகப் பதிவில் இருக்க வேண்டும் என்று சில நாடுகள் கேட்கின்றன. அமெரிக்காவின் பரிமாற்ற விசாவான ஜே-1-இன் இன்டர்ன் பிரிவு படிப்பு முடித்த 12 மாதத்துக்குள் இருப்பவரையும் ஏற்கிறது. எல்லா நாடும் அப்படி இல்லை. முதலாண்டு விடுமுறையிலும் ஒரு தொல்லை உண்டு. செமஸ்டர் தேர்வு ஜூனுக்குள் நீண்டு, அடுத்த செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கிவிட்டால் 12 வாரம் கிடைக்காது. 8 வார இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அல்லது மூன்றாவது செமஸ்டரின் ப்ராஜெக்ட் ஃபேஸ் ஒன்றில் அந்தப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கைடிடமும் துறைத் தலைவரிடமும் டிசம்பரிலேயே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சொந்தமாக ஓர் இடம் கொண்டுவருவது

வரிசையில் முன்னே போக இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனாலும் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதாகத் தெரியவில்லை. பல கமிட்டிகளில் உள்ளே ஓர் இடம் திரட்டித் தந்தவருக்கு முன்னுரிமையோ கூடுதல் புள்ளியோ உண்டு. மதிப்பெண், மொழி, கமிட்டி வேலையில் பங்கு, வந்திறங்கிய வெளிநாட்டு மாணவரை வரவேற்றுப் பார்த்துக்கொண்டது ஆகியவையும் சேர்த்தே எண்ணப்படும். விதி கமிட்டிக்குக் கமிட்டி மாறும், சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் என்றதும் பெரிய கார் தொழிற்சாலையை நினைக்க வேண்டாம். உங்கள் துறையின் ஆய்வுக்கூடமே ஓர் இடம் தரலாம். கைடின் ப்ராஜெக்டில் ஆறு முதல் எட்டு வாரம் வேலை, ஹாஸ்டலில் ஓர் அறை, மெஸ் சாப்பாடு, ஊரில் கைச்செலவுக்குப் போதுமான உதவித்தொகை: இவ்வளவு உறுதியானால் போதும். வெளியே தேடினால் இருபது முப்பது பேர் வேலை செய்யும் சிறிய கம்பெனிகள்தான் சீக்கிரம் சம்மதிக்கும். அங்கே முடிவெடுப்பவரை நேரில் பார்க்க முடிகிறது. பெரிய கம்பெனியில் கோப்பு மூன்று மேசை தாண்டுவதற்குள் டிசம்பர் போய்விடும்.

கம்பெனியிடம் போகும்போது அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலைக் கையில் வைத்திருங்கள். யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது, தேவைகளை எழுதிக் கொடுத்தால் அதற்கேற்றவரை இன்னொரு நாடு முன்மொழியும், பிடிக்காவிட்டால் மறுக்கலாம். தங்குமிடத்தைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும். வருகிறவருக்கு இந்தியாவில் இன்டர்ன் விசா என்று தனி வகை உண்டு. அதில் கம்பெனி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியத்துக்கு நிபந்தனை இருக்கிறது, எனவே தொகையைப் பேசும் முன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். ஹாஸ்டலோ வீட்டு உரிமையாளரோ, வெளிநாட்டவர் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள், முன்பு ‘சி’ படிவம் எனப்பட்ட, தங்குபவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். ஹாஸ்டல் வார்டனுக்கு இது புதிதாக இருக்கும். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

இடம் எவ்வளவு நல்லதோ, பதிலுக்கு வருவதும் அவ்வளவு நல்லது. மாநாட்டில் பேரம் நடப்பது படிவத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான். ‘கம்ப்யூட்டர் துறை, பொதுவான வேலை’ என்று எழுதிய இடத்தை யாரும் ஆசையோடு எடுக்க மாட்டார்கள். ‘கான்கிரீட் கலவையில் சாம்பல் சேர்த்து 7, 28 நாள் வலிமைச் சோதனை, முடிவுகளை எக்செலில் தொகுத்தல், ஆங்கிலம் போதும், ஜூன் முதல் செப்டம்பருக்குள் எந்த எட்டு வாரமும்’ என்று எழுதினால் எடுப்பார்கள். ஒரு மொழிக்கு மேல் கேட்காதீர்கள். தேதியை இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஆஃபர் படிவத்தை வாசிப்பது

வரும் இடங்களுக்கெல்லாம் ஒரே அமைப்பில் ஒரு படிவம் இருக்கும். அதை ‘ஓ’ படிவம் என்பார்கள். இரண்டு பக்கம்தான். நிராகரிப்புகளில் பெரும்பகுதி அந்த இரண்டு பக்கத்தைச் சரியாக வாசிக்காததால் வருபவை.

மொழிக் கட்டத்தில் ஆங்கிலம், இன்னொரு மொழி, தேவையான அளவு என்று இருக்கும். இரண்டு மொழிகளுக்கு நடுவே ‘மற்றும்’ என்று இருக்கிறதா, ‘அல்லது’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஆங்கிலம் நன்று, மற்றும் ஜெர்மன் சுமார்’ என்றால் ஜெர்மன் ஏ-2 (தொடக்கநிலையின் இரண்டாம் படி) சான்றிதழாவது இல்லாமல் விண்ணப்பிப்பது வீண். ‘அல்லது’ என்றால் கவலையில்லை. ஸ்பெயின், தென்னமெரிக்க நாட்டு இடங்களில் ‘மற்றும்’ அடிக்கடி தென்படும்.

படிப்பு நிலைக் கட்டத்தில் தொடக்கம், நடு, முடிவு என்று கேட்டிருப்பார்கள். அல்லது இத்தனை ஆண்டு முடித்திருக்க வேண்டும் என்று எண் போட்டிருப்பார்கள். முதுகலை மாணவருக்கு இதுதான் சாதகமான இடம். நான்கு ஆண்டோ அதற்கு மேலோ முடித்திருக்க வேண்டும் என்ற இடங்களில் பி.இ. மாணவர்கள் நுழைய முடியாது; போட்டி சட்டென்று குறையும். ஆய்வு, வடிவமைப்பு வகை வேலைகள் அங்கேதான் இருக்கும். எளிதாகத் தெரிகிறது என்று பொதுவான இடத்துக்கு ஓடுவது முதுகலை மாணவர் செய்யும் வழக்கமான தவறு.

வாரங்களும் மாதங்களும் தனித்தனிக் கட்டங்கள். ‘8–12 வாரம், ஜூன் 1 முதல் செப்டம்பர் 30-க்குள்’ என்றால் அந்த வரம்புக்குள் நீங்கள் தேதி கேட்கலாம். அதற்குக் கீழே ‘கம்பெனி மூடியிருக்கும் நாட்கள்’ என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஆகஸ்டில் இரண்டு மூன்று வாரம் கதவைச் சாத்தும் கம்பெனிகள் பல. அந்த வாரங்களில் வேலையும் இல்லை, சம்பளமும் இருக்காது, வாடகை மட்டும் ஓடும். இத்தாலி, பிரான்ஸ் இடங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது பணம். மூன்று எண்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும்: மொத்த ஊதியம், எதிர்பார்க்கப்படும் பிடித்தம் சதவீதத்தில், தங்குமிடம் உட்பட வாழ்க்கைச் செலவு. மாதம் 1,000 யூரோ ஊதியம், பிடித்தம் 10 சதவீதம், வாழ்க்கைச் செலவு 850 யூரோ என்று ஒரு படிவம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கையில் வருவது 900. மாதம் 50 யூரோதான் மிச்சம். ஊதியத்தின் கணக்கே இவ்வளவுதான்: அங்கே இருக்கும்வரை சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஆகும். விமானக் கட்டணத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. ஊதியம் வாரக்கணக்கா மாதக்கணக்கா என்றும் பாருங்கள். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால், அறை முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதச் செலவைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

வேலை விவரம் சில படிவங்களில் நான்கு வரிதான் இருக்கும். கம்பெனியின் இணையதளம், அந்தத் துறையினர் வெளியிட்ட கட்டுரைகள், விற்கும் பொருட்கள் ஆகியவற்றைப் பார்த்தால் உண்மையில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு விஷயத்தில் கவனம்: படிவத்தில் இருக்கும் முகவரிக்கு நேராக மெயில் போடாதீர்கள். எல்லாத் தொடர்பும் இரண்டு கமிட்டிகள் வழியாகத்தான். மீறினால் அந்தக் கம்பெனி அடுத்த ஆண்டு இடம் தராமலே போகலாம்.

நாமினேஷன் கட்டு

வழக்கமாகக் கேட்பவை: மாணவர் முன்மொழிவுப் படிவம், ரெஸ்யூமே, கவர் லெட்டர், மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், போனஃபைட் சான்றிதழ், மொழிச் சான்று, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், புகைப்படம். நாட்டுக்கு நாடு ஒன்றிரண்டு கூடும்.

டிரான்ஸ்கிரிப்ட்டைத் தை மாதத்துக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்தி, விண்ணப்பித்து, கையில் வரச் சில வாரங்கள் ஆகும். மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் செய்து அனுப்பினால் சிலர் ஏற்பார்கள், சிலர் திருப்பி அனுப்புவார்கள். போனஃபைட் சான்றிதழில் படிப்பின் பெயர், சேர்ந்த தேதி, முடியும் தேதி, முழுநேரப் படிப்பு என்ற நான்கும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘இவர் எங்கள் கல்லூரி மாணவர்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. அது பஸ் பாஸுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், டிரான்ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். ஓர் அரியரால் வாய்ப்பு போய்விடாது, ஆனால் மறுதேர்வு பயிற்சி நாட்களுக்குள் விழுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை எதிரே இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். பத்துக்கு 8.2 என்றால் ஜெர்மானியருக்கு எதுவும் புலப்படாது, அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. மாற்றும் கணக்கு இது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை, அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி எல்லையைக் கழித்த எண்ணால் வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி எல்லை 5 என்றால், 1.8-ஐ 5-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட 2.08. ‘நன்று’ என்ற வகையில் விழும். ரெஸ்யூமேயில் சி.ஜி.பி.ஏ.வுக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

கவர் லெட்டர் ஒரு பக்கம். படிவத்தில் கேட்ட திறமைகளில் உங்களிடம் இருப்பவை எவை, அவற்றை எந்த ப்ராஜெக்டில் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான் அதன் உயிர். ‘மேட்லேப் தெரியும்’ என்பதைவிட ‘மோட்டார் அதிர்வுத் தரவை மேட்லேபில் வடிகட்டி, பேரிங் பழுதைப் பிரித்தறியும் நிரல் எழுதினேன்’ என்பது வேலை செய்யும். இல்லாத திறமையை எழுத வேண்டாம். ‘இந்தக் கருவியைத் தொட்டதில்லை, ஆனால் அதே கோட்பாட்டில் இயங்கும் வேறொன்றை ஆறு மாதம் இயக்கினேன்’ என்று எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் நாட்டின் பண்பாட்டைக் காண ஆவல் என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் பத்திவரை வாசிப்பதில்லை.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழ் மாணவர்களுக்கே உரிய தொல்லை இது. சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் பெயர் ‘கார்த்திக்’, குடும்பப்பெயர் ‘சுப்பிரமணியன்’ என்று இருந்தால், வெளிநாட்டுக் கணினியில் அவர்கள் மூன்று பேர். விதி ஒன்றே: ஐயஸ்டே படிவம், விசா, விமான டிக்கெட், காப்பீடு, வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. சான்றிதழ் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அதன் பிறகு வங்கிக் கணக்குவரை அதுவே தொடரும். நேரம் இருந்தால், செப்டம்பரிலேயே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தந்தை பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. நாமினேஷன் போன பிறகு பாஸ்போர்ட் மாற்றாதீர்கள்.

ஏற்பு வரும்வரை

நாமினேஷன் போன பிறகு மூன்று முதல் எட்டு வாரம் அமைதி நிலவும். கம்பெனி ஒரு வீடியோ நேர்காணல் கேட்கலாம். அங்கே கேட்பது பெரும்பாலும் உங்கள் ப்ராஜெக்டைப் பற்றித்தான். கவர் லெட்டரை ஆங்கிலத்தில் நீங்களே எழுதினீர்களா, யாரோ எழுதிக் கொடுத்தார்களா என்று பார்ப்பதும் அதில் அடக்கம்.

ஏற்பு வந்தால் அதற்கென்று ஒரு படிவம் வரும். அதை ‘என்5ஏ’ என்பார்கள். வேலை தொடங்கும் தேதி, தங்குமிடம், யாரைச் சந்திக்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்த பிறகு, ‘கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது, வரவில்லை’ என்று சொன்னால் அந்த இடம் அந்த ஆண்டுக்கு வீணாகும். உங்கள் கமிட்டி அந்த நாட்டிடம் முகத்தைக் காட்ட முடியாது. அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியருக்குத்தான் நட்டம். சந்தேகம் இருந்தால் நாமினேஷனுக்கு முன்பே விலகுங்கள்.

கம்பெனியே இடத்தை ரத்து செய்வதும் உண்டு: பட்ஜெட் குறைந்தது, வழிகாட்ட இருந்தவர் வேலையை விட்டார் என்று. அப்போது மாற்று இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஏற்பு வருவதற்கு முன் விமான டிக்கெட் வாங்காதீர்கள். வந்த பிறகும் விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டே வாங்குங்கள்.

விசா

நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் சறுக்கும் இடம் ஒன்றுதான்: சுற்றுலா விசாவில் போய்விடலாம் என்ற யோசனை. ஊதியம் இல்லாத பயிற்சிக்குக்கூடச் சுற்றுலா விசா பெரும்பாலும் செல்லாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அந்தந்த நாடு தரும் நீண்டகாலத் தேசிய ‘டி’ விசா. 12 வாரம் என்பது 84 நாள். முன்னும் பின்னும் ஊர் சுற்ற நான்கு நாள் சேர்த்தாலே 90-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

ஷெங்கன் குறுகியகால விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்புக் கடிதமே ஏப்ரலில்தான் வரும், அது கோடைச் சுற்றுலாக் கூட்டம் சந்திப்பு நேரங்களை எடுத்துக்கொள்ளும் காலம். மற்றக் காகிதங்களை மார்ச்சிலேயே அடுக்கிவைத்து, ஏற்பு வந்த அன்றே நேரம் பதியுங்கள். ஜெர்மனியின் துணைத் தூதரகம் சென்னையில் உண்டு. பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜெர்மன் வேலை அனுமதிச் சட்டத்தில் தனிச் சலுகை இருப்பதால், ஐயஸ்டே ஆவணத்தைக் கட்டின் மேலேயே வையுங்கள். கவுன்டரில் இருப்பவர் சாதாரண வேலை விசா என்று நினைத்து வேறு பட்டியலைக் கேட்பதைத் தவிர்க்கலாம்.

அமெரிக்கா என்றால் ஜே-1. ஆதரவு அமைப்பு டி.எஸ்-2019 என்ற தகுதிச் சான்று அனுப்பும், அதோடு கட்டம் கட்டமாக என்ன கற்பிக்கப் போகிறார்கள் என்ற பயிற்சித் திட்டமான டி.எஸ்-7002 வேண்டும். வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். நேர்காணலில் அந்தப் பயிற்சித் திட்டத்திலிருந்தே கேள்வி வரும். அதைப் படிக்காமல் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தானாகக் கம்பெனியைப் பிடித்தவர்களுக்கு

கமிட்டி இல்லாமல் நீங்களே ஓர் இடம் தேடிக்கொண்டால் பொருத்தம் முடிந்துவிட்டது, அனுமதி மட்டும் பாக்கி. ஜெர்மனியில் இதற்கு இசட்.ஏ.வி. என்ற மத்திய வேலைவாய்ப்பு அலுவலகப் பிரிவின் இசைவு வேண்டும். படிப்போடு தொடர்புள்ள வேலை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்கு செமஸ்டராவது முடித்திருத்தல், அதிகபட்சம் ஓராண்டு என்பவை நிபந்தனைகள். அங்குள்ள கம்பெனிகள் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு: பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாத பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். உங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றால் அதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். ஆறு மாத இடமும் திறக்கும்.

ஜப்பானில் ஊதியத்தோடு பயிற்சி பெறக் ‘குறிப்பிட்ட செயல்பாடுகள்’ என்ற விசாப் பிரிவு. அது பாடத்தின் பகுதியாக, கிரெடிட்டோடு இருக்க வேண்டும். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் வேண்டும். கல்லூரி கையெழுத்துப் போடத் தயங்கினால் அத்தோடு முடிந்தது. அதனால் கம்பெனியைத் தேடும் முன்னே டீனைப் பாருங்கள்.

இடைத்தரகர்கள் இந்த வேலையில்தான் நுழைவார்கள். பதிவுக் கட்டணம், உறுதிக் கட்டணம் என்று உண்மையான அமைப்புகளும் வாங்குகின்றன. ஆனால் தொகையும் எப்போது திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்கும், ரசீது வரும். கம்பெனியின் பெயரைப் பணம் கட்டிய பிறகு சொல்கிறோம் என்றாலோ, ‘ஆஃபர் லெட்டர்’ இலவச மெயில் முகவரியிலிருந்து வந்தாலோ நிறுத்திவிடுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் பொது எண்ணுக்கு அழைத்து, கையெழுத்திட்டவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

முதல் வாரமும் கடைசி வாரமும்

போய் இறங்கியதும் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வரி எண் என்ற வரிசை. முகவரி இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. வேலை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள். உள்ளூர்க் கமிட்டி மாணவர்கள் கூடவே வந்து செய்து தருவார்கள். அவர்களுக்கும் தேர்வு நாட்கள் உண்டு என்பதால், வரும் நேரத்தை ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் ஒரு பக்கத்தில் வேலைத் திட்டம் கேளுங்கள். எட்டு வாரம் சீக்கிரம் ஓடிவிடும். மூன்றாவது வாரமும் ‘பழைய அறிக்கைகளைப் படி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், படிவத்தில் எழுதியிருந்த வேலையைக் காட்டி நயமாகக் கேட்கலாம். அசையவில்லை என்றால் அங்குள்ள கமிட்டிக்குச் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தில் சொல்லிப் பயனில்லை.

கிளம்பும் முன் தொடக்கத் தேதி, முடிந்த தேதி, வார மணி நேரம், செய்த வேலை இவை நான்கும் கொண்ட சான்றிதழை கம்பெனித் தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். கல்லூரி கிரெடிட் கேட்கும்போது மணி நேரக் கணக்கு இல்லாத சான்றிதழ் திரும்பி வரும். ப்ராஜெக்டில் பயன்படுத்த நினைக்கும் தரவுக்குத் தனியாக எழுத்து அனுமதி வேண்டும். சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐயஸ்டே தளத்தில் மாணவர் அறிக்கையை நிரப்புங்கள். வரி பிடித்திருந்தால் ஆண்டு வரிச் சான்று எந்த முகவரிக்கு வரும் என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். சில நாடுகளில் குறுகியகாலப் பயிற்சியாளர் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கடைசிச் சம்பளமும் அறை முன்பணமும் வந்து சேரும்வரை அந்த வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.